ஸ்டேஷனில் அறுபது வருடம் நின்ற இன்ஜின் யாருக்குச் சொந்தம்? – ‘ஜெனரல்’ வழக்கு

மீட்டர்கேஜ்மணி

ஒரு ஊர் ஸ்டேஷனில் பழைய நீராவி இன்ஜின் ஒன்று அறுபது வருடம் நின்றால், அது அந்த ஊருக்கே சொந்தமாகிவிடுமா? ஆகிவிடும் என்று நம்பி அமெரிக்காவில் ஒரு மேயர் வழியில் ரயிலை மறித்தார். வழக்கு உச்ச நீதிமன்ற வாசல் வரை போனது. இன்ஜினின் பெயர் ‘ஜெனரல்’.

1855-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் கட்டியது. 4-4-0 வகை, அதாவது முன்னால் நாலு சின்னச் சக்கரம், பின்னால் நாலு பெரிய ஓட்டுச் சக்கரம். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்கும் டென்னசி மாநிலத்து சாட்டனூகாவுக்கும் நடுவே ஓடிய வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் ரயில்வேக்காக வாங்கினார்கள். அந்த ரயில்வே தனியார் கம்பெனி இல்லை, ஜார்ஜியா மாநில அரசே போட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியாவில் பிக் ஷாண்டி என்ற ஊரில் ரயில் காலை உணவுக்காக நின்றது. வடக்குப் படையின் ஒற்றர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸும் அவர் ஆட்களும் பயணிகள் போல ஏறியிருந்தார்கள். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு வடக்கே பறந்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து, தந்திக் கம்பியை அறுத்து, பாலங்களை எரித்துக்கொண்டே சாட்டனூகா போய்ச் சேருவது திட்டம். ரயிலின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் கால்நடையாகத் துரத்தினார். அப்புறம் தள்ளுவண்டி, அப்புறம் கிடைத்த இன்ஜின்கள், கடைசியில் ‘டெக்சாஸ்’ என்ற இன்ஜினைப் பின்பக்கமாகவே ஓட்டி விரட்டினார். சுமார் 87 மைல் தாண்டி, ரிங்கோல்ட் ஊருக்கு வடக்கே, ஜெனரலுக்கு மூச்சு நின்றது. ஆண்ட்ரூஸையும் அவர் ஆட்களில் ஏழு பேரையும் தூக்கில் போட்டார்கள்.

போர் முடிந்தபின்னும் இன்ஜின் பல வருடம் ஓடியது, அப்புறம் ஓரங்கட்டிவிட்டார்கள். 1891 வாக்கில் வைனிங்ஸ் என்ற ஊரில், ஒரு பக்கத் தடத்தில், பழைய இரும்புக்குப் போகிற நிலையில் ஒரு புகைப்படக்காரர் கண்ணில் பட்டது. அப்போது தடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த நாஷ்வில், சாட்டனூகா அண்ட் செயின்ட் லூயிஸ் ரயில்வே அதைச் செப்பனிட்டு 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பியது. 1901-இல் சாட்டனூகா யூனியன் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன்பின் ஊரில் பிறந்த பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

1957-இல் அந்தக் கம்பெனியை எல் அண்ட் என் (லூயிவில் அண்ட் நாஷ்வில்) ரயில்வே தன்னோடு இணைத்துக்கொண்டது. 1961-இல் எல் அண்ட் என் அதிகம் வெளியே சொல்லாமல் இன்ஜினை லூயிவில் பணிமனைக்கு எடுத்துப்போய், ஆயிலில் எரிகிற மாதிரி மாற்றி, 1962-இல் அந்தத் துரத்தலின் நூற்றாண்டுக்காகச் சொந்த நீராவியிலேயே ஓடவிட்டது. ஆனால் சாட்டனூகாவில் திரும்ப வைக்கவில்லை. 1967 செப்டம்பரில் கென்னசா ஊருக்கு (பழைய பிக் ஷாண்டிதான்) அனுப்பக் கிளம்பியது. வழியில் சாட்டனூகா. மேயர் ரால்ஃப் கெல்லி ஒரு கூட்டத்தோடும் சட்டக் காகிதத்தோடும் போய் மறித்துவிட்டார்.

1862-இல் சாட்டனூகா போய்ச் சேர முடியாமல் பிடிபட்ட இன்ஜின், 1967-இல் சாட்டனூகாவில் பிடிபட்டது. இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். முடிவை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் தீர்ப்பு என்ன?

நாலாம்_பிளாட்பாரம்

ஊருக்குத்தான் சார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பெனிக்காரன் பழைய இரும்பு விலைக்குப் போட இருந்ததை ஊர் கொண்டாடியிருக்கிறது.

மீட்டர்கேஜ்மணி

அங்கேதான் தப்பு செய்கிறீர்கள். செப்பனிட்டது ஊர் இல்லை, கம்பெனி.

குமாஸ்தா

முப்பது வருடம் சிவில் கோர்ட்டில் கட்டு தூக்கியவன் என்ற முறையில் கேட்கிறேன்: மூலப்பத்திரம் யாரிடம் இருந்தது? 1901-இல் ஸ்டேஷனில் கொண்டுவந்து வைத்தபோது தானப் பத்திரம் எழுதினார்களா? நகரசபையில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டார்களா? குறைந்தபட்சம் ஒரு கடிதம்?

எதுவும் இல்லாமல் “எங்கள் ஊரில் நின்றது” என்று மட்டும் சொன்னால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்வார்.

பூந்தோட்டம்_கமலா

குமாஸ்தா அண்ணா, அனுபவ பாத்தியம் என்று ஒன்று இருக்கிறதே? நிலத்துக்குப் பன்னிரண்டு வருடம் என்பார்கள். இது அறுபது வருடம்.

குமாஸ்தா

கமலா அம்மா, அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உரிமைக்காரனுக்கு எதிராக, அவன் கண்முன்னாலேயே, “இது என்னுடையது” என்று வைத்திருக்க வேண்டும். அவன் அனுமதியோடு வைத்திருந்தால் நூறு வருடமானாலும் பாத்தியம் வராது. வாடகைக்கு இருப்பவர் ஐம்பது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தானே. இங்கே அதைவிட மோசம்: இன்ஜின் நின்ற ஸ்டேஷனே ரயில்வேயின் கையில். நகரசபை அதை அனுபவித்தது என்றே சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டு மாமரத்தை ஜன்னல் வழியாக அறுபது வருடம் பார்த்தால் மாங்காய் நமக்கு வந்துவிடுமா?

மணி சார், சாட்டனூகா என்ன வாதம் வைத்தது என்று சொல்லுங்கள். அனுபவ பாத்தியத்தை நம்பியிருக்க மாட்டார்கள்.

மீட்டர்கேஜ்மணி

சரியாகப் பிடித்தீர்கள். நகரத்தின் வாதம் வேறு: ரயில்வே அதைச் சாட்டனூகா மக்களுக்காக அர்ப்பணித்துவிட்டது, அதாவது பொது அறக்கட்டளைச் சொத்து போல ஆகிவிட்டது, கம்பெனி வெறும் தர்மகர்த்தா, இஷ்டத்துக்கு வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது.

கேட்க அழகாக இருக்கிறது. உணர்ச்சிக்கும் குறைவில்லை. தூக்கிலிட்ட ஆண்ட்ரூஸும் மற்ற ஏழு பேரும் சாட்டனூகா தேசியக் கல்லறையில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலம் எழுப்பிய நினைவுச் சின்னத்தின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு ஜெனரல் நிற்கிறது. ஆட்களின் எலும்பு இங்கே, இன்ஜின் மட்டும் எங்கே போகிறது என்ற கேள்வி நியாயமானதுதான்.

கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஃப்ராங்க் வில்சன் விசாரித்தார். 1969 ஜனவரியில் தீர்ப்பு. இன்ஜின் எல் அண்ட் என் கம்பெனிக்கே சொந்தம், அறக்கட்டளை உண்டானதற்குச் சான்று இல்லை. 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

எனக்குப் படுகிற முக்கியமான விஷயம் ஒன்று. சாட்டனூகாவில் ‘நிரந்தரமாக’ நின்ற காலத்திலேயே அது ஊர் ஊராகப் போயிருக்கிறது: 1927 பால்டிமோர், 1933 சிகாகோ, 1939 நியூயார்க், 1948 மறுபடியும் சிகாகோ. ஒவ்வொரு தடவையும் அனுப்பி வைத்தது ரயில்வே. உற்சவரை வெளியூர்த் திருவிழாவுக்கு அனுப்புவதென்றால் முடிவு யார் எடுப்பார்? யார் எடுத்தாரோ அவரிடம்தான் சாவி இருக்கிறது.

ஓய்வுபெற்ற_கார்டு

நான் 34 வருடம் கார்டாக இருந்தவன். கதையில் என்னைக் கவர்ந்தவர் ஃபுல்லர்தான். தன் ரயிலை எவனோ ஓட்டிக்கொண்டு போகிறான் என்றதும் பின்னாலேயே ஓடியிருக்கிறார் பாருங்கள். கார்டு புத்தி அது.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த இன்ஜினைப் பற்றி இந்த வழக்கு? 1864-இல் அட்லாண்டாவை விட்டுத் தெற்குப் படை பின்வாங்கியபோது ஜெனரல் பலமாக அடிபட்டது. போருக்குப் பின் மறுபடி கட்டினார்கள். 1886-இல் தென் மாநிலங்கள் ஐந்தடி அகலப் பாதையிலிருந்து மாறியபோது சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். 1962-க்காக எரிபொருளே மாறியது. 1862-இல் ஆண்ட்ரூஸ் கை பட்ட இரும்பு அதில் எத்தனை ராத்தல் மிச்சம்? ஷெட்டில் நாங்கள் சொல்வோம்: பாய்லர் ஒன்றிலிருந்து, சக்கரம் ஒன்றிலிருந்து, நம்பர் பலகை மட்டும் பழசு.

குமாஸ்தா

கார்டு சார், சட்டத்துக்கு அது கவலையே இல்லை. வீட்டுக் கூரையை மாற்றினால் பட்டா மாறுமா? பழுது பார்த்தவன் யார், யார் செலவில் என்பதுதான் கேள்வி. அதுவும் கம்பெனி பக்கமே சாய்கிறது.

தண்டவாளக்_குருவி

எல்லாரும் கம்பெனி பக்கமே பேசுகிறீர்கள். நான் மூன்றாவது ஆளை இறக்குகிறேன். வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் ஜார்ஜியா அரசுடையது என்று மணி அண்ணன் முதலிலேயே சொன்னாரே. தடம் அரசுடையது, கம்பெனிகள் குத்தகைக்காரர்கள். 1870-இல் ஒரு குத்தகை, 1890-இல் இன்னொன்று, 1919-இல் ஐம்பது வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். அப்படியானால் இன்ஜின் மட்டும் எப்படிக் குத்தகைக்காரனுக்குச் சொந்தமானது? குத்தகைக்கு எடுத்த வயலில் இருந்த ஏர் யாருடையது?

மீட்டர்கேஜ்மணி

நல்ல கேள்வி. ஐம்பது வருடக் குத்தகை எப்போது முடிந்தது பாருங்கள்: 1969. வழக்கு நடந்த அதே சமயம். எல் அண்ட் என் அந்தத் தடத்தைக் கைவிட விரும்பாத கம்பெனி. இன்ஜினைச் சாட்டனூகாவுக்குக் கொடுத்தால் டென்னசி மாநிலம் சந்தோஷப்படும். ஜார்ஜியாவுக்குக் கொடுத்தால் குத்தகை கொடுக்கிற முதலாளி சந்தோஷப்படுவார். நீங்கள் கம்பெனி மேனேஜராக இருந்தால் யாரைச் சந்தோஷப்படுத்துவீர்கள்? இது என் சந்தேகம் மட்டுமே, தீர்ப்பில் இருப்பதாகச் சொல்லவில்லை.

ஏர், வயல் கேள்விக்கு: ஜார்ஜியா கோர்ட்டுக்கு வந்து உரிமைக்குச் சண்டை போட வேண்டிய தேவையே வரவில்லை. இன்ஜின் தானாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1972 பிப்ரவரியில் கென்னசா வந்தபோது வரவேற்றவர் அப்போதைய ஜார்ஜியா ஆளுநர் ஜிம்மி கார்ட்டர். துரத்தல் நடந்து சரியாக 110 வருடம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, பழைய பருத்தி ஜின் (பருத்தியில் விதை பிரிக்கும் ஆலை) கட்டடத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அது திருடுபோன இடத்துக்குக் கூப்பிடு தூரம்தான்.

குமாஸ்தா

குருவி தம்பி கேட்டதால் ஞாபகம் வருகிறது. ஜார்ஜியாவுக்கும் சாட்டனூகாவுக்கும் இது முதல் சண்டை இல்லை. ஜார்ஜியா 1852-இல் சாட்டனூகாவில் ரயில் யார்டுக்காக நிலம் வாங்கியிருந்தது. நகரம் பெரிதானதும் தெருவை நீட்ட அந்த யார்டு குறுக்கே நின்றது. நகரம் நிலத்தைக் கையகப்படுத்தப் போனது. “நாங்கள் ஒரு மாநில அரசு, எங்கள் நிலத்தில் ஒரு ஊராட்சி கை வைப்பதா” என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் போனது. 1924-இல் கோர்ட் சொன்னது: அடுத்த மாநிலத்தில் போய் ரயில் நடத்த நிலம் வாங்கினால் அங்கே நீ அரசன் இல்லை, மற்ற நிலக்காரர்களைப் போல ஒருவன்தான், நகரம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, நிலச் சண்டையில் நகரம் ஜெயித்தது, இன்ஜின் சண்டையில் தோற்றது. நிலத்தைப் பணம் கொடுத்து எடுக்கச் சட்டத்தில் வழி இருந்தது. இன்ஜினுக்கு அவர்கள் பணம் கொடுக்கவில்லை, பாசத்தைக் காட்டினார்கள்.

பூந்தோட்டம்_கமலா

பாசம் என்று லேசாகச் சொல்லாதீர்கள் அண்ணா. நம் பத்தூர் கோயில் நடராஜர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982-இல் ஒரு கனடா கம்பெனி காசு கொடுத்தே வாங்கியது. அவர்களிடம் காகிதம் இருந்தது. பாழடைந்த கோயிலிடம் என்ன இருந்தது? 1988-இல் லண்டன் நீதிமன்றம் நடராஜர் கோயிலுக்கே என்றது, 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கோயிலே ஒரு ஆள் போல வழக்காடலாம் என்று வெள்ளைக்கார நீதிபதியே ஒப்புக்கொண்டார். அந்த நியாயம் ஒரு ஊருக்குப் பொருந்தாதா?

குமாஸ்தா

அம்மா, அருமையான வழக்கைக் கொண்டுவந்தீர்கள். ஆனால் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். பத்தூரில் சிலை முதலிலிருந்தே கோயிலுடையது. மண்ணுக்குள் போனாலும் உரிமை மண்ணுக்குள் போகவில்லை. நடுவில் விற்றவனுக்கு விற்கும் உரிமை இல்லை, அதனால் கனடாக்காரர் காகிதம் செல்லாது. அங்கே ஜெயித்தது மூல உரிமை. சாட்டனூகாவுக்கு மூல உரிமை எந்த நாளிலும் இல்லை. அந்த நியாயத்தின்படி பார்த்தால் நியாயமாக வழக்குப் போட வேண்டியது ஜார்ஜியா அரசு!

பூந்தோட்டம்_கமலா

சரி, சட்டத்தில் தோற்றேன். மனசு ஒப்பவில்லை.

நாலாம்_பிளாட்பாரம்

எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று தேடிப் பார்த்தேன். இவ்வளவு சண்டை போட்ட சாட்டனூகா, இன்ஜின் நின்ற யூனியன் ஸ்டேஷனை 1973-இல் இடிக்க விட்டுவிட்டது. ஜெயித்திருந்தால் இன்ஜினை எங்கே வைத்திருப்பார்கள்?

மீட்டர்கேஜ்மணி

ஊரில் இன்னொரு ஸ்டேஷன், டெர்மினல் ஸ்டேஷன், ஹோட்டலாகத் தப்பித்தது. அங்கே வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதில் உறைக்கிறது.

தண்டவாளக்_குருவி

இது கம்பெனிக்கும் ஊருக்கும் நடந்த சண்டை. ஆர்வலர் சங்கங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நடப்பது வேறு ரகம். மில்வாக்கி ரோடு 261 இன்ஜின் விஸ்கான்சினில் கிரீன் பே அருங்காட்சியகத்தின் சொத்து. ஒரு சங்கம் குத்தகைக்கு எடுத்து 1990-களில் உயிர் கொடுத்து ஓட்டியது. குத்தகையைப் புதுப்பிக்கும்போது பேச்சு முறிந்தது. சங்கத்தார் வியர்வை சிந்திய இன்ஜினைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை. கடைசியில் 2010-இல் 2,25,000 டாலர் கொடுத்து வாங்கிவிட்டார்கள். பாசம் இருந்தால் இப்படித்தான் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற_கார்டு

பாசத்துக்குக் காசு கொடுத்து அழிந்தவர் ஒருவர் இருக்கிறாரே, ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜினை வாங்கிய ஆலன் பெக்லர். 1963-இல் மூவாயிரம் பவுண்டுக்கு வாங்கினார். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. 1969-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கடன் ஏறி 1972-இல் திவாலானார். கடன்காரர்கள் ஜப்தி செய்துவிடுவார்களோ என்று கலிஃபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில் இன்ஜினை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. அவர் ஊர் திரும்பக் கப்பலில் பயணிகளுக்குப் பேச்சு சொல்லிப் பிழைத்தார். 1973-இல் வில்லியம் மெக்கல்பைன் 25,000 பவுண்டுக்கு வாங்கி பனாமா கால்வாய் வழியாகக் கொண்டுவந்தார். 2004-இல் அரசு அருங்காட்சியகம் வாங்கியபோது விலை 23 லட்சம் பவுண்டு.

உரிமை இருப்பது வேறு, வைத்துக் காப்பாற்றுவது வேறு. நீராவி இன்ஜின் நிற்கும்போதே சாப்பிடும்.

பூந்தோட்டம்_கமலா

இதையெல்லாம் கேட்டபின் என் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் தாத்தாவின் ஹார்மோனியம் ஊர் பஜனை மடத்தில் இருக்கிறது. அறுபதுகளில் கொடுத்தார். கொடுத்தாரா, வைத்திருக்கச் சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. போன மார்கழியில் அப்பா கேட்டதற்கு “அது ஊர்ச் சொத்து” என்று மடத்தார் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இங்கே நான் சாட்டனூகா பக்கம் பேசினேன், வீட்டில் நான் எல் அண்ட் என்!

குமாஸ்தா

அம்மா, பேர் பொறித்திருக்கிறதா?

பூந்தோட்டம்_கமலா

மூடியில் தாத்தா பெயரைக் குத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே மடத்தின் பெயரையும் பெயிண்டில் எழுதிவிட்டார்கள்.

குமாஸ்தா

பெயரால் நிற்காது. ஜெனரலின் உடம்பிலும் பல கம்பெனிகள் பெயர் எழுதியிருக்கும். கொடுத்தபின் உங்கள் வீட்டார் அதை எப்போதாவது வெளியே எடுத்தார்களா? கல்யாணத்துக்கு, ரிப்பேருக்கு? மடத்தாரிடம் அனுமதி கேட்டு எடுத்தார்களா, சும்மா எடுத்தார்களா?

பூந்தோட்டம்_கமலா

இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். இரண்டு தடவை துருத்தி கிழிந்து கும்பகோணம் கொண்டுபோய் மாற்றியிருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை, அவர் காசுதான். திருப்பி வைத்ததும் அவர்தான்.

மீட்டர்கேஜ்மணி

1927, 1933, 1939, 1948!

குமாஸ்தா

மணி சார், சற்றுப் பொறுங்கள். கமலா அம்மா, அந்த ரிப்பேர் ரசீது அப்பாவிடம் இருக்கிறதா?

பூந்தோட்டம்_கமலா

பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன்.